செமினார் என்றாலே கை நடுங்குகிறது, இப்போது சாப்பிடவும் கூச்சம்

நிலா_பிளஸ்ஒன்:
பத்தாவது வரை ஊர்ப் பள்ளிக்கூடம், தமிழ் மீடியம். இப்போது டவுனில் பிளஸ் ஒன், இங்கிலீஷ் மீடியம். கெமிஸ்ட்ரி மிஸ் ஆளுக்கொரு தலைப்பு கொடுத்து செமினார் எடுக்கச் சொல்வார். என் முறை வந்தபோது போர்டில் எழுத எழுத கை நடுங்கி சாக்பீஸ் உடைந்தது. குரலும் வரவில்லை. அதை யாரோ போட்டோ எடுத்து (போன் கொண்டுவரக் கூடாதுதான், யார் கேட்கிறார்கள்?) கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்டிக்கராகப் போட்டுவிட்டார்கள்.

அப்புறம் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவே ஒரு மாதிரி இருக்கிறது. மூடியைப் பாதி திறந்து, உள்ளே கைவிட்டு இரண்டு வாய் சாப்பிடுவேன். மீதி பஸ் ஸ்டாண்டு நாய்க்கு. அம்மாவிடம் சொன்னால், "வயசுப் பிள்ளைக்குக் கூச்சம் இருக்கத்தான் செய்யும்" என்கிறார். அடுத்த செமினாருக்கு லீவு போட்டுவிடலாமா?

ராஜா_ஈரோடு:
லீவு மட்டும் வேண்டாம் தங்கச்சி. பாலிடெக்னிக்கில் என் ரூம்மேட் வைவா (வாய்மொழித் தேர்வு) என்றாலே காய்ச்சல் என்று படுத்துவிடுவான். அன்றைக்கு நிம்மதிதான். அடுத்த வைவா வரும்போது பயம் வட்டியோடு வந்து நிற்கும்.

மாலதி_கவுன்சலர்:
ராஜா சொல்வது சரி. இன்னொன்று, நாம் நினைக்கிற அளவுக்கு யாரும் நம்மைக் கவனிப்பதில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர், 2000இல் வெளிவந்த ஆய்வில், மாணவர்களுக்குப் பாடகர் பாரி மானிலோ படம் போட்ட டீ-ஷர்ட்டை மாட்டிவிட்டு மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். போட்டவர்களுக்கு ஒரே வெட்கம், கிட்டத்தட்ட பாதிப் பேர் பார்த்திருப்பார்கள் என்றார்கள். உண்மையில் பார்த்தது கால்வாசிப் பேர்கூட இல்லை.

நிலா_பிளஸ்ஒன்:
அக்கா, என் விஷயத்தில் ஸ்டிக்கரே போட்டிருக்கிறார்களே! பார்க்கவில்லை என்று எப்படி நம்புவது?

மாலதி_கவுன்சலர்:
நியாயமான கேள்வி. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம். ஸ்டிக்கர் போட்டது கேலி, தப்பு அவர்கள் மேல். கிளாஸ் டீச்சரிடம் சொல்லி எடுக்க வைக்க வேண்டும், நீ தாங்கிக்கொள்ளப் பழக வேண்டியதில்லை. டிபன் பாக்ஸை யாரும் போட்டோ எடுக்கவில்லையே? அங்கே பயம் தானாகப் பரவியிருக்கிறது. நாளைக்கு ஒரே ஒரு தோழியோடு உட்கார்ந்து மூடியை முழுசாகத் திறந்து சாப்பிடு. அது பழகியதும் நாலு பேரோடு. செமினாருக்கு மிஸ்ஸிடம் முன்கூட்டியே பேசி, முதலில் இன்னொருத்தியோடு சேர்ந்து எடுக்கக் கேள். நடுங்கினால் நடுங்கட்டும், நிறுத்தாதே. சாப்பாடு இப்படியே குறைந்துகொண்டு போனாலோ, பள்ளிக்கே போகப் பிடிக்காவிட்டாலோ, அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு 14416க்கு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸுக்கு, கூப்பிடு. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

நிலா_பிளஸ்ஒன்:
மிஸ்ஸிடம் கேட்கிறேன் அக்கா. கிளாஸ் டீச்சரிடம் சொல்லத்தான் யோசனையாக இருக்கிறது, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். ராஜா அண்ணா, உங்கள் ரூம்மேட் கடைசியில் வைவா முடித்தாரா?

ராஜா_ஈரோடு:
முடித்தான். நாங்கள் இழுத்துக்கொண்டு போய் வாசலில் விட்டோம். பாஸ் மார்க்தான்.