மின்கட்டண விசாரணைக்கு உங்கள் வீட்டு ரீடிங் தேவை

கிண்டியில் உள்ள தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் அடுத்த கட்டண விசாரணைக்கு ஆட்சேப மனு தயாராகிறது. சென்னை வீடுகளின் கணக்கு வேண்டும் நண்பர்களே.

பிரச்சினை இரண்டு மாத பில்லின் 500 யூனிட் எல்லையில்தான். 2022 செப்டம்பர் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958. ஒரே யூனிட்டுக்கு 233 ரூபாய் கூடுகிறது! காரணம், 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் 2.25-க்குப் பதில் 4.50 ரூபாய் போடுவார்கள். 2024 ஜூலையில் கட்டணம் மாறியபோதும் இந்தப் படி அமைப்பு மாறவில்லை.

ரீடிங் தள்ளிப்போனால் இதுவே அநியாயமாகிவிடும். நாளுக்கு 8 யூனிட் செலவழிக்கும் வீட்டில் 60 நாளில் 480. 63-ஆம் நாள் எடுத்தால் 504.

ஆகவே, கடைசி ஆறு ரீடிங்குகளின் தேதி, யூனிட், தொகை மூன்றையும் அனுப்புங்கள். மீட்டர் கார்டைப் படமெடுத்தாலும் போதும், பெயரையும் இணைப்பு எண்ணையும் மறைத்துவிடுங்கள். தேதி இல்லாத பில் இந்த வாதத்துக்கு உதவாது. கோடை மாத பில்கள் மிக முக்கியம், ஏசி ஓடும்போதுதான் பலர் எல்லை தாண்டுகிறார்கள்.

2003 மின்சாரச் சட்டம் 64-ஆம் பிரிவின்படி பொதுமக்களின் ஆட்சேபங்களைப் பரிசீலித்த பிறகே ஆணையம் உத்தரவிட வேண்டும். "கட்டணம் அதிகம்" என்று மட்டும் எழுதினால் ஒரு வரியில் பதில் வந்துவிடும். தேதியோடு எண்கள் இருந்தால் அப்படித் தள்ளிவிட முடியாது. மனுவைச் சட்டத் தமிழில் சரிபார்க்க வழக்கறிஞர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.