வில்லன் உருவங்களைக் கடற்கரை ஊரில் சேகரிப்பது: எதிலிருந்து தொடங்கலாம்?

திருவான்மியூரான்:

அனைவருக்கும் வணக்கம். திரைப்பட வில்லன்களின் நுணுக்கமான ஆக்‌ஷன் ஃபிகர்களை, அதாவது கைகால்களை அசைக்கக்கூடிய பொம்மை உருவங்களை, சேகரிக்க விரும்புகிறேன். கதாநாயகர்கள் வேண்டாம், வில்லன்கள் மட்டும் போதும் என்று முடிவு செய்துவிட்டேன். மனத்தில் இருப்பவர்கள் மூவர்: 2008இல் வெளிவந்த பேட்மேன் படத்தின் ஜோக்கர், ஸ்டார் வார்ஸ் படங்களின் டார்த் வேடர், 1984இல் வந்த முதல் டெர்மினேட்டர் படத்தின் கொலைகார ரோபோவான டி-800.

பெரிய அளவில், துணி உடை அணிந்து, நடிகரின் முகத்தை அப்படியே கொண்டிருக்கும், மனித அளவில் ஆறில் ஒரு பங்கான உருவங்களை வாங்குவதா, ஏழு அங்குல உருவங்களோடு நிறுத்திக்கொள்வதா என்பது முதல் ஐயம். கடலுக்கு மிக அருகில் இருக்கிறேன். குளிரூட்டி இரவில் மட்டும்தான் ஓடும். பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தால் உருவம் நீண்ட காலம் தாங்குமா என்பது இரண்டாவது ஐயம். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் சுங்கவரி எவ்வளவு ஆகும் என்பதையும் தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

ரெக்சின்_விரோதி:

வணக்கம், நண்பரே. நீங்கள் அளவைப் பற்றிக் கேட்கிறீர்கள். உங்கள் ஊருக்கு அதைவிட முக்கியமானது, அந்த உருவத்தின் உடை எந்தப் பொருளால் ஆனது என்பதுதான். திரையில் வில்லன்களுக்குக் கறுப்புத் தோலாடை மாட்டிவிடுவது ஒரு வழக்கம். ஆறில் ஒரு பங்கு உருவத்தில் அந்தத் தோல் பெரும்பாலும் உண்மைத் தோலாக இருக்காது. மெல்லிய துணியின்மேல் பாலியூரித்தேன் பூசப்பட்ட செயற்கைத் தோலாக, அதாவது நாம் ரெக்சின் என்று சொல்லும் பொருளாக இருக்கும். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பூச்சின் வேதிப் பிணைப்புகளைச் சிறிது சிறிதாக அறுக்கிறது. வெப்பம் அதை விரைவுபடுத்துகிறது. முதலில் ஒரு பிசுபிசுப்பு தோன்றும், பிறகு முழங்கையிலும் முழங்காலிலும் மடிப்பு விழும் இடங்களில் வெடிப்பு ஓடும், அதன் பின் தொட்ட இடமெல்லாம் கறுப்புச் செதிலாக உதிரும். எந்த நிறுவனம் செய்தாலும் இந்தப் பொருளின் இயல்பு மாறாது. உதிரத் தொடங்கிய பிறகு எண்ணெயோ மெருகோ பூசிப் பயனில்லை. உடையை மாற்றித்தான் ஆகவேண்டும்.

பெட்டியைப் பிரிக்காமல் வைப்பது இதற்குத் தீர்வு என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் எனக்கு உடன்பாடு இல்லை. பூச்சின் சிதைவு உருவம் தொழிற்சாலையில் செய்யப்பட்ட நாளிலேயே தொடங்கிவிடுகிறது. அட்டைப்பெட்டி ஈரத்தைத் தடுப்பதும் இல்லை. உடையைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தாள் நாளடைவில் ரெக்சினோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது மேற்பூச்சையும் சேர்த்து உரித்துக்கொண்டு வருவதுண்டு. மென்மையான பிவிசி பாகங்களுக்கும் காற்றோட்டமில்லாத அடைப்பு நல்லதன்று. அவற்றை நெகிழ்வாக்கச் சேர்த்த பொருள் மெல்ல வெளியேறி, மேற்பரப்பிலேயே தங்கிப் பசைபோலப் படியும். இதை மட்டும் சரிசெய்துவிடலாம். வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்புக் கரைத்து, மெதுவாகக் கழுவி, நிழலில் உலர்த்தினால் போதும்.

இப்போது உங்கள் மூவரையும் பார்ப்போம். ஜோக்கரின் ஊதாக் கோட்டும் பச்சை வெயிஸ்ட்கோட்டும் துணி. உங்கள் ஊருக்கு அவரே உகந்தவர். டார்த் வேடரின் தலைக்கவசமும் மார்புப் பலகையும் கடினப் பிளாஸ்டிக் என்பதால் அவற்றைப் பற்றிக் கவலையில்லை, ஆனால் உள்ளே அணிந்திருக்கும் வரிவரியான கறுப்பு உடை பெரும்பாலும் ரெக்சின்தான். டி-800இன் தோல் ஜாக்கெட்டைப் பற்றி நான் தனியே சொல்ல வேண்டியதில்லை. அவரை வாங்கித்தான் தீர்வேன் என்றால், கண்ணாடி அலமாரிக்குள் ஓர் ஈரப்பதமானியை வைத்து, ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்குமாறு சிலிக்கா ஜெல் போட்டு, அது நிறம் மாறும்போதெல்லாம் சூடாக்கி மீண்டும் வையுங்கள். சென்னையில் இது ஓயாத வேலை.

பழையபெட்டி:

மேலே உள்ளவர் கூறிய வேதியியலில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதைக் கேட்டு நீங்கள் பெரிய உருவங்களையே கைவிட்டுவிட வேண்டாம். ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸ் நிறுவனம் டிஎக்ஸ் என்ற தன் உயர்ரக வரிசையை ஜோக்கரைக் கொண்டுதான் தொடங்கியது. தலையின் பின்புறத்திலிருந்து கண்மணிகளைத் திருப்பும் அமைப்பு அந்த உருவத்தில் இருந்தது. சுமார் 30 சென்டிமீட்டர் உயரத்தில், நெற்றிச் சுருக்கங்களில் வெள்ளைச் சாயம் வெடித்திருப்பதையும், கண்களைச் சுற்றிக் கறுப்பு கலைந்திருப்பதையும் காணும்போது, ஏழு அங்குலத்தில் அது கிடைக்காது என்பது விளங்கும். அந்த நிறுவனத்துக்காகத் தலைகளைச் செதுக்கிய யூலி, அவற்றுக்கு வண்ணம் தீட்டிய ஜே. சி. ஹாங் ஆகிய கொரியக் கலைஞர்களின் பெயர்களைப் பெட்டியில் தேடிப் பார்த்து வாங்குபவர்கள் உண்டு. என் கருத்தில், ஜோக்கர் இத்துறைக்கென்றே அமைந்த முகம்: மனிதத் தோலின் ஒளி ஊடுருவும் தன்மையைச் சாயத்தில் கொண்டுவருவது மிகக் கடினம், ஆனால் அவர் முகத்தில் இருப்பதே சாயம்தானே!

பெரிய அளவிலும் ஒரு குறை உண்டு, அதை விளம்பரப் படங்கள் சொல்லமாட்டா. மனிதனை ஆறில் ஒரு பங்காகச் சுருக்கலாம், துணியின் தடிமனை அந்த அளவுக்குச் சுருக்க முடியாது. ஆகவே கோட்டு விறைத்து நிற்கும், வேடரின் மேலங்கி தோளிலிருந்து கூடாரம்போல விரியும். இதனால்தான் சில உருவங்களில் அங்கியின் ஓரத்தில் மெல்லிய கம்பியைத் தைத்து வைக்கிறார்கள். இல்லாதவற்றுக்கு நாமே மடிப்புகளைத் தட்டிப் படியவைக்க வேண்டும், அதற்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

ஏழு அங்குலத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது நெக்கா நிறுவனத்தின் உருவங்கள். விலை ஏறத்தாழ 30 முதல் 40 டாலர் வரை. புதிய ஹாட் டாய்ஸ் உருவங்களோ பெரும்பாலும் 250 டாலருக்கு மேல். நெக்காவின் உருவங்களில் உடையைப் பெரும்பாலும் பிளாஸ்டிக்கிலேயே செதுக்கிவிடுகிறார்கள், ஆதலால் டி-800இன் ஜாக்கெட் அங்கே உதிராது. கொடூரப் படங்களின் வில்லன்களை இவ்வாறு செதுக்கிப் பெரியவர்களுக்கென்றே விற்கும் வழக்கத்தைப் பரவலாக்கியது, 1998இல் மெக்ஃபார்லேன் டாய்ஸ் தொடங்கிய மூவி மேனியாக்ஸ் வரிசை. அதற்கும் முன்னால் போனால், கென்னர் நிறுவனம் 1978இல் விற்ற மூன்றே முக்கால் அங்குல வேடர் இருக்கிறார். வினைல் மேலங்கியைத் தவிர எல்லாமே வார்த்த பிளாஸ்டிக் என்பதால் அவர் இன்றும் பல வீடுகளில் நின்றுகொண்டிருக்கிறார். (1977ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்குப் பொம்மைகள் ஆயத்தமாகாததால் அந்நிறுவனம் வெறும் அட்டையையும், பொம்மைகளைப் பிறகு பெற்றுக்கொள்வதற்கான சான்றிதழையும் விற்றது. பின்னர் அஞ்சலில் அனுப்பிய முதல் நால்வரில் வேடர் இல்லை. வில்லனை விட்டுவிட்டு ரோபோவை அனுப்பியவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.)

மவுண்ட்ரோடு_மணி:

சுங்கவரியைப் பற்றி மட்டும் கூறுகிறேன். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரியை 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் இந்திய அரசு உயர்த்தியது. வாங்கும்போது அன்றைய விகிதத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பொருளின் விலையின்மீது மட்டுமல்லாமல், அனுப்பும் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்த தொகையின்மீதே இது கணக்கிடப்படும். 300 டாலர் உருவத்துக்கு அனுப்பும் செலவு 50 டாலர் என்றால், 70 விழுக்காட்டில் அடிப்படை வரி மட்டுமே 245 டாலர். அதற்கு மேல் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி. ஆகவே பலர் உள்நாட்டு விற்பனையாளரிடமோ, சேகரிப்பைக் கலைப்பவரிடமோ வாங்குகிறார்கள்.

இரண்டாம் கையாக வாங்கினால், விற்பவரிடம் நிறுவனத்தின் விளம்பரப் படத்தை ஏற்காதீர்கள். அந்தப் படங்கள் பெரும்பாலும் கையால் வண்ணம் தீட்டிய மாதிரியைக் காட்டுபவை. போலியை விற்பவரும் அவற்றையேதான் காட்டுவார். கையிலுள்ள உருவத்தின் முகம், முழங்கை, முழங்கால் மடிப்புகள் ஆகியவற்றை நெருங்கி எடுத்த படம் கேளுங்கள்.

திருவான்மியூரான்:

மூவருக்கும் மிக்க நன்றி. ஜோக்கரை ஆறில் ஒரு பங்கு அளவிலும், டி-800ஐ ஏழு அங்குலத்திலும் வாங்கலாம் என்று எண்ணுகிறேன். வேடரைத்தான் விட மனமில்லை. ஒளிரும் வாள் உள்ள உருவமென்றால் வேறு ஏதேனும் கவனிக்க வேண்டுமா?

ரெக்சின்_விரோதி:

பொத்தான் மின்கலங்களைக் காட்சிக்கு வைக்கும்போது கழற்றிவிடுங்கள். கசிந்தால் உள்ளிருக்கும் இணைப்புகளை அரித்துவிடும். வெயில் படும் சன்னலுக்கு எதிரே எந்த உருவத்தையும் வைக்காதீர்கள். நெக்காவின் மூட்டு இறுகி இருந்தால் முறுக்க வேண்டாம், வெந்நீரில் சிறிது நேரம் வைத்தால் இளகும். வேடரை வாங்குவதென்றால் கைகளை மடக்காமல், கால்களை நேராக, மேலங்கி உடலை மூடியிருக்குமாறு நிறுத்துங்கள். உள்ளே உடை உதிர்ந்தாலும் சில ஆண்டுகளுக்கு வெளியே தெரியாது.

பழையபெட்டி:

வெளியே தெரியாது, ஆனால் வாங்கியவருக்குத் தெரியுமே!