வாடைக்காற்றும் கொரிடோராஸ் முட்டைகளும்: உவர்மலையிலிருந்து ஓர் அனுபவம்

வீட்டுத் தொட்டியில் கொரிடோராஸ் மீன்கள் முட்டையிடுவதில்லை என்று திருகோணமலையில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களுள் பெரும்பாலானோர், தென்மேற்கிலிருந்து வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில் முயன்றவர்கள். அக்காலத்தில் எங்கள் தொட்டிகளின் நீர் 30 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்தச் சிறு கெளிற்றினமோ 22 முதல் 26 பாகை வரையிலான நீரிலேயே நன்றாக இருக்கும். ஆகவே வாடைக்காற்றோடு மழை தொடங்கும் ஐப்பசி, கார்த்திகை வரை பொறுத்திருப்பதே நல்லது என்பேன்.

நான் வளர்ப்பவை வெண்கல நிறக் கொரிடோராஸ்கள். மேலிருந்து பார்க்கும்போது பெண் மீன் அகன்றும் ஆண் ஒடுங்கியும் தெரியும். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண்கள் என்ற கணக்கில் விட்டு, மழைக்கு முன்பிருந்தே இரத்தப்புழு கொடுத்துத் தேற்றி வைக்கிறேன். கூரையைக் கழுவிவரும் முதல் மழையை விட்டுவிட்டு, அதன்பின் பிடித்த மழைநீரை, தொட்டி நீரைவிட இரண்டு மூன்று பாகை குளிராக இருக்கும்போதே ஊற்றி, மூன்றில் ஒரு பங்கை மாற்றுகிறேன். கிணற்று நீரின் கடினத்தன்மையையும் அது தணித்துவிடுகிறது.

ஆண் மீன்கள் பெண்ணைத் துரத்தத் தொடங்கிவிட்டால், தொட்டியின் அருகில் அசையாமல் அமர்ந்து பாருங்கள். பெண் மீன் ஆணின் வயிற்றுப்புறத்தில் வாயைப் பதித்துச் சில கணங்கள் அப்படியே நிற்கும். அதே வேளை வயிற்றுத் துடுப்புகள் இரண்டையும் கைகூப்புவதுபோல் குவித்து, அதற்குள் இரண்டு மூன்று முட்டைகளைத் தாங்கிக்கொள்ளும். பின்பு கண்ணாடியில் ஓரிடத்தை வாயால் துப்புரவாக்கி, அங்கே அவற்றை ஒட்டிவிட்டுத் திரும்பிவரும். இவ்வாறு பல மணி நேரத்தில் 100க்கும் மேற்பட்ட முட்டைகள் சேர்ந்துவிடலாம்.

பெற்ற மீன்களே முட்டைகளைத் தின்றுவிடுவதால் அவற்றைப் பிரித்தாக வேண்டும். இட்டவுடன் தொட்டால் முட்டை நசுங்கிவிடும். சில மணி நேரத்தில் தோல் இறுகியபின், ஈர விரலால் மெல்ல உருட்டினால் கண்ணாடியிலிருந்து முழுதாகவே கழன்று வரும். அதே தொட்டியின் நீரை நிரப்பிய சிறு பெட்டியில் அவற்றை இட்டு, பம்பின் காற்றைக் குமிழ்களாக்கும் காற்றுக்கல்லை ஓரமாக வைத்து, குமிழ்கள் முட்டைகளின் மேல் படாமல் நீர் மட்டும் அசையுமாறு பார்த்துக்கொள்கிறேன். மின்வெட்டு நேரத்துக்கென்று மின்கலத்தில் ஓடும் பம்ப் ஒன்றும் வைத்திருக்கிறேன்.

கருவுற்ற முட்டை நாளடைவில் பழுப்பேறும். கருவுறாதது வெளுத்து, பஞ்சுபோன்ற பூஞ்சணம் பிடித்து, பக்கத்து முட்டையையும் கெடுத்துவிடும். பூஞ்சணத்துக்கு அஞ்சி மெதிலீன் நீலத்தை மைபோல் ஊற்றுவோர் உண்டு. அந்த இருளில் வெளுத்த முட்டைகள் கண்ணுக்குப் படுவதே இல்லை. நீர் இளநீலமாகும் அளவுக்குச் சில துளிகள் போதும். காலையும் மாலையும் வெளுத்தவற்றைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுவதை எந்த மருந்தையும்விடப் பெரிதாக மதிக்கிறேன். பொரிப்பதற்குச் சற்று முன்னர், முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளிகளாகக் கண்கள் தெரியும்.

மூன்று முதல் ஐந்து நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். வயிற்றிலுள்ள கருவுணவு தீரும் வரை, அதாவது முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு, உணவு எதுவும் இடக்கூடாது. அதன்பின் புதிதாய்ப் பொரித்த ஆர்ட்டீமியாவை, அதாவது உவர்நீரில் வாழும் நுண்ணிய இறால்வகை உயிரின் குஞ்சுகளை, கொடுக்கலாம். இதில் எங்கள் ஊருக்கு ஒரு வசதி உண்டு: கழிவுநீர் கலக்காத இடத்தில் அள்ளிய கடல்நீரைத் துணியில் வடித்து, அதில் ஆர்ட்டீமியா முட்டைகளை இட்டு, பம்ப் போட்டு வைத்தால், ஒன்று ஒன்றரை நாளில் அவை பொரித்துவிடும். கடல்நீருக்குப் பதிலாக 1 லீற்றர் நீரில் 25 முதல் 30 கிராம் உப்பைக் கரைத்தும் பொரிக்க வைக்கலாம். எதில் பொரித்தாலும், நன்னீரில் அலசாமல் குஞ்சுகளுக்கு இடாதீர்கள்.

குஞ்சுகள் இறந்தால் பலரும் உணவையே குறை சொல்கிறார்கள். கொரிடோராஸ் குஞ்சு நாள் முழுவதும் அடித்தளத்தில் வயிறு பதித்துக் கிடக்கும் உயிர். எஞ்சிய உணவு அழுகுவதும் அதே இடத்தில்தான். ஆகையால் மணல் பரப்பாத வெறுந்தளத்தில் வளர்த்து, உணவிட்ட சற்று நேரத்தில் மெல்லிய காற்றுக்குழாயால் அடியை உறிஞ்சித் துப்புரவாக்கி, எடுத்த அளவு நீரை அதே வெப்பநிலையில் சொட்டுச் சொட்டாக விட்டு நிரப்புகிறேன். சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கத்தில் உவர்ப்பேறிய கிணறு உள்ளவர்கள், இந்த நீர்மாற்றத்துக்குப் போதுமான மழைநீரை மார்கழிக்குள்ளேயே தாங்கியில் மூடிச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.