கோயிலை வலப்பக்கம் வைத்து

ஸ்ரீரங்கம் வந்து நாலு வருஷம் ஆகிறது. வடக்கு உத்திர வீதியில் வாடகை வீடு. அம்மா பிறந்து வளர்ந்தது இதே வரிசையில், நாலு வீடு தள்ளி. அவருக்கு ஞாபகம் தவற ஆரம்பித்த பிறகு சென்னை அடுக்குமாடியில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. லிஃப்ட் கதவு மூடினாலே அழுதார். அதனால்தான் இங்கே வந்தோம்.

இந்தக் கோயிலுக்கு ஏழு மதில். உள்சுற்று நான்கும் கோயில், வெளிச்சுற்று மூன்றிலும் வீடுகள்: உத்திர வீதி, சித்திரை வீதி, கடைசியாக அடையவளஞ்சான். வைகுண்ட ஏகாதசி சமயத்தில் நெரிசல் தாங்காது. தைத்தேர் எங்கள் வாசல் வழியாகவே வரும். மற்ற நாட்களில் மதியம் மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டு ஊஞ்சல் கிறீச்சிடுவது கேட்கும். பால், காய், மருந்து எல்லாம் நடந்தே போய் வாங்கிவிடலாம்.

அப்படி ஒரு மதியம் அசந்து தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் வாசல் கதவு திறந்து கிடக்கிறது, அம்மாவின் செருப்பைக் காணோம். கை கால் ஓடவில்லை. மேற்கே ஓடினேன். முனையில் இஸ்திரி போடும் அண்ணன், "அம்மாவா? தெக்கேயிருந்து வந்து உங்க வீதிப் பக்கம் திரும்பினாங்களே, இப்பத்தான்" என்றார். அப்படியென்றால் ஒரு முழுச் சுற்று போய், எங்கள் வாசலையும் தாண்டிப் போயிருக்கிறார். நான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

திரும்பிக் கிழக்கே ஓடினேன். வெள்ளை கோபுரம் பக்கத்தில் பூக்கார அக்காவின் ஸ்டூலில் அம்மா உட்கார்ந்திருந்தார். ஒரு காலில்தான் செருப்பு. மடியில் துளசி. பழுத்த இலையை மட்டும் பார்த்துப் பார்த்துக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மொதல்ல போனப்ப கோயிலுக்குப் போறாங்கன்னு நெனைச்சேன். மறுபடியும் வந்தாங்க, கால்ல ஒரு செருப்பைக் காணோம். அதான் துளசி ஆய்ஞ்சு குடுங்கம்மான்னு உக்கார வச்சேன்" என்றார் அக்கா. அழுதுவிட்டேன்.

வழி தெரியாமல் போனவர் எப்படி அதே வீதிகளுக்குள் இருந்தார் என்று அன்று ராத்திரிதான் புரிந்தது. சின்ன வயதிலிருந்தே கோயிலை வலப்பக்கம் வைத்துச் சுற்றிய கால். முனை வந்தால் தானாக வலது பக்கம் திரும்பும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், போன் நம்பரை முதலில் தெருவில் உட்கார்ந்து தொழில் செய்கிறவர்களிடம் கொடுத்து வையுங்கள். இஸ்திரி அண்ணன், பூக்கார அக்கா, பால் கடை என்று நான் ஆறு பேரிடம் கொடுத்திருக்கிறேன்.

இப்போது தினமும் சாயங்காலம் அம்மாவும் நானும் சேர்ந்து ஒரு சுற்று போகிறோம். தெற்கு உத்திர வீதியில் ராஜகோபுரம் தெரியும் இடம் வந்தால் நின்றுவிடுவார். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது அது பாதியில் நின்ற மொட்டை கோபுரம்.

"இதுக்கு மேல யாரு இத்தனை நிலை கட்டினா?"

"13 நிலைம்மா. 1987-ல கும்பாபிஷேகம் ஆச்சு."

"அப்படியா!" என்று அண்ணாந்து பார்ப்பார். தினமும் அதே சந்தோஷம்.