ஈசி2 இன்ஸ்டன்ஸ் (அமேசானின் வாடகை சர்வர்) ஒண்ணுகூட இல்லை, பில்லில் "ஈசி2-அதர்" 124 டாலர். எங்கே போகுது?

கேள்வி – கொள்கலன்காரன்

ஏடபிள்யூஎஸ்ஸில் (அமேசான் கிளவுட்) ஒரு சின்ன வெப் ஆப், ரீஜன் யூஎஸ்-ஈஸ்ட்-1. ஃபார்கேட்டில் (சர்வர் வைக்காம கன்டெய்னர் ஓட்டுற சேவை) எப்பவும் ஓடுற டாஸ்க், அதாவது கன்டெய்னர், 2 (தலா 0.5 விசிபியு, 1 ஜிபி), முன்னால ஒரு ஏஎல்பி (லோட் பேலன்சர்), பின்னால டேட்டாபேஸுக்கு ஆர்டிஎஸ் போஸ்ட்கிரஸ் (டி4ஜி ஸ்மால், 50 ஜிபி, ஒரே ஏஇசட், அதாவது ரீஜனுக்குள்ள தனியா இயங்குற ஒரு டேட்டா சென்டர் பகுதி). டாஸ்க் எல்லாம் ரெண்டு ஏஇசட்டில் பிரைவேட் சப்நெட்டுக்குள்ள (வெளியிலிருந்து நேரா எட்ட முடியாத நெட்வொர்க் பகுதி).

மாசம் 90 டாலருக்குள்ள முடியும்னு கணக்கு. வந்தது 254. ஃபார்கேட் 38, ஏஎல்பி 18, ஆர்டிஎஸ் 29, கிளவுட்வாட்ச் (லாக்) 30, விபிசி (நெட்வொர்க்) 15, ஈசி2-அதர் 124. பார்வையாளர் டிராஃபிக் 40 ஜிபி தாண்டலை. டாஸ்க் சைஸைக் குறைக்கவா, சேவிங்ஸ் பிளான் (முன்கூட்டி உறுதி கொடுத்து வாங்குற தள்ளுபடி) எடுக்கவா?

மறுமொழி – ரூட்டேபிள்

இப்போதைக்கு ரெண்டும் வேண்டாம். டாஸ்க் சைஸைப் பாதியாக்கினாலும் மிச்சமாவது 18 டாலர்தான். வீக்கம் வேறு இடத்தில் இருக்கு.

"ஈசி2-அதர்" என்ற பெயரை நம்பாதீங்க. நேட் கேட்வே (பிரைவேட் சப்நெட்டிலிருந்து வெளியே போகும் வாசல்), ஈபிஎஸ் டிஸ்க், ஏஇசட்டுகளுக்கு இடையிலான டிராஃபிக் எல்லாம் அந்தத் தலைப்பில்தான் விழும். காஸ்ட் எக்ஸ்ப்ளோரரில் சர்வீஸ் ஃபில்டரில் அதை மட்டும் வைத்து, குரூப் பை-யை "யூசேஜ் டைப்" என்று மாற்றுங்க. நேட்கேட்வே-அவர்ஸ், நேட்கேட்வே-பைட்ஸ் என்று தனித்தனியாக வரும். கூடவே ஈசிஆரில் (கன்டெய்னர் இமேஜ்களை வைக்கும் கிடங்கு) இமேஜ் அளவு, ஒரு நாளில் எத்தனை டாஸ்க் புதிதாகத் தொடங்குது, இந்த ரெண்டையும் சொல்லுங்க.

கொள்கலன்காரன்

அவர்ஸ் ரெண்டு நேட்டுக்கும் சேர்த்து 65.70 டாலர். பைட்ஸ் 1,300 ஜிபி, 58.50 டாலர். வெளியே பேசுறது பேமென்ட் ஏபிஐ, மெயில் ரெண்டுதான், 1,300 ஜிபி எங்கிருந்து வருதுன்னு புரியலை. இமேஜ் 900 எம்பி. டிப்ளாய் வாரம் ஒரு தடவை. அது போக அரைமணிக்கு ஒரு ரிப்போர்ட் டாஸ்க், 3 நிமிஷத்தில் முடிஞ்சிடும்.

மறுமொழி – ரூட்டேபிள்

ரிப்போர்ட் டாஸ்க்தான். ஃபார்கேட் இமேஜை கேஷ் பண்ணி வைக்காது, டாஸ்க் தொடங்கும்போதெல்லாம் முழுசா இறக்கும். ஒரு நாளைக்கு 48, 30 நாளைக்கு 1,440 தடவை, தலா 0.9 ஜிபி: 1,296 ஜிபி. இமேஜ் இருப்பது அதே ரீஜனில்தான், ஆனாலும் பிரைவேட் சப்நெட்டிலிருந்து போகும் வழி நேட் என்பதால் ஜிபிக்கு 0.045 டாலர் வெட்டப்படுது. அந்த டாஸ்க்குக்கான ஃபார்கேட் செலவு 2 டாலர்கூட வராது, அதனால் யார் கண்ணிலும் படாது.

தீர்வுக்குக் காசே ஆகாது. ஈசிஆர் இமேஜின் லேயர்களை (அடுக்குகளை) ஏடபிள்யூஎஸ்ஸின் ஃபைல் சேமிப்பான எஸ்3-ல்தான் வைக்குது. விபிசி பக்கத்தில் எண்ட்பாயிண்ட்ஸ் (நேட்டைத் தொடாமல் ஏடபிள்யூஎஸ் சேவைக்குப் போகும் வழிகள்) போய், சர்வீஸ் எஸ்3, வகை "கேட்வே" என்று ஒன்று உருவாக்குங்க. இந்த வகைக்கு மணிக்கட்டணமும் இல்லை, ஜிபிக் கட்டணமும் இல்லை. ரெண்டு பிரைவேட் ரூட் டேபிளையும் (டிராஃபிக் எந்த வழியில் போகணும் என்று சொல்லும் பட்டியல், ஏஇசட்டுக்கு ஒன்று) டிக் பண்ணணும். ஒன்றை விட்டால் அந்த ஏஇசட் பழையபடி நேட் வழியாகவே போகும், எர்ரர் எதுவும் காட்டாது. எண்ட்பாயிண்ட் பாலிசியை இறுக்குவதாக இருந்தால் ஈசிஆரின் "ஸ்டார்போர்ட்-லேயர்-பக்கெட்"டை அனுமதிக்க மறக்காதீங்க. சேர்க்கும் நேரத்தில் எஸ்3-யோடு திறந்திருக்கும் இணைப்புகள் அறுபடலாம், ரிப்போர்ட் ஓடாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்க.

மறுமொழி – மரத்தடி

ஒரு எச்சரிக்கை. "நேட்டே வேண்டாம், எல்லாத்துக்கும் இன்டர்ஃபேஸ் எண்ட்பாயிண்ட் போடு" என்று யாராவது சொல்வார்கள். இது மணிக்கட்டணம் உள்ள வகை. ஈசிஆருக்கு 2, லாக்ஸுக்கு 1, சீக்ரெட்ஸுக்கு 1, ஆக 4. ஒவ்வொன்றுக்கும் ஏஇசட் ஒன்றுக்கு மணிக்கு 0.01 டாலர், ரெண்டு ஏஇசட்டில் மாசம் 58.40. ஒரு நேட் 32.85 தான். இந்த அளவு ஆப்புக்கு அது நஷ்டம்.

நேட்டை முழுசாகத் தூக்க இன்னொரு வழி, டாஸ்க்கை பப்ளிக் சப்நெட்டில் வைத்து, செக்யூரிட்டி குரூப்பில் (ஃபயர்வால் விதிகள்) ஏஎல்பியிலிருந்து மட்டும் உள்ளே விடுவது. டாஸ்க்குக்கு பப்ளிக் ஐபிவி4 மாசம் 3.65. ஆனால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் ஐபி மாறும். உங்க பேமென்ட் ஏபிஐ நிலையான ஐபி கேட்குதா?

கொள்கலன்காரன்

ஆமாங்க, அலோ-லிஸ்டில் நேட்டோட ரெண்டு ஐபியையும் கொடுத்திருக்கோம்.

மறுமொழி – மரத்தடி

அப்போ ஒரு நேட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்க. அடுத்த ஏஇசட்டிலிருந்து வரும் டிராஃபிக்குக்கு ஜிபிக்கு ஒரு திசையில் 0.01 டாலர் கூடும், இமேஜ் நேட்டை விட்டு விலகியபின் அது சில்லறை. நேட் இருக்கும் ஏஇசட் விழுந்தால் மற்றதுக்கும் வெளித்தொடர்பு போகும். பணம் புரளும் ஆப் என்றால் அதைத் தாங்க முடியுமா என்று நீங்களே முடிவு பண்ணுங்க.

கிளவுட்வாட்ச் 30 டாலர் என்றால் சுமார் 60 ஜிபி லாக், உள்ளே எடுக்க ஜிபிக்கு 0.50. ரிடென்ஷனை (லாக்கை வைத்திருக்கும் காலம்) 7 நாளாக்கினால் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தொடுவது சேமிப்பை மட்டும், ஜிபி-மாதத்துக்கு 0.03. வெட்டவேண்டியது எழுதும் இடத்தில். 40 ஜிபி டிராஃபிக்குக்கு 60 ஜிபி லாக் வருதென்றால், ஓஆர்எம் (ஆப்புக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் இருக்கும் லைப்ரரி) ஒவ்வொரு எஸ்கியூஎல்லையும் டீபக் லெவலில் கொட்டுது என்று பந்தயமே கட்டலாம்.

மறுமொழி – ரூட்டேபிள்

நேட்டை நீக்கும் வரிசை முக்கியம். முதலில் ரெண்டாவது ரூட் டேபிளில் 0.0.0.0/0 வழியை (வெளி இணையத்துக்கான பொது வழி), மிஞ்சப்போகும் நேட்டுக்கு மாற்றுங்க. பிறகு மற்ற நேட்டை டிலீட் பண்ணுங்க. அதன் எலாஸ்டிக் ஐபியை (நிலையான பப்ளிக் ஐபி) ரிலீஸ் பண்ணுங்க, சும்மா கிடந்தாலும் 3.65 ஓடும். முதலிலேயே டிலீட் பண்ணினால் வழியின் ஸ்டேட்டஸ் "பிளாக்ஹோல்" ஆகும், அதாவது எங்கும் போய்ச் சேராது. அந்த ஏஇசட்டில் தொடங்கும் டாஸ்க் ஈசிஆரில் லாகின் ஆக முடியாமல் விழும், மற்றதில் தொடங்குவது நல்லா ஓடும். ரிப்போர்ட் ஒரு தடவை வருது, ஒரு தடவை வரலை என்றால் முதலில் ரூட் டேபிளைத் திறந்து பாருங்க, கோடில் தேடாதீங்க.