பாப்பாவின் பல்: எங்கள் குடும்பக் குழுவில்

[பாப்பா 2 படங்கள் அனுப்பியிருக்கிறார்]

பாப்பா: முதல் படம் இப்போதைய சிரிப்பு. இரண்டாவது, சிகிச்சை முடிந்ததும் இப்படி இருக்கும் என்று டாக்டர் கம்ப்யூட்டரில் செய்து காட்டியது. மேலே ஆறு பல்லுக்கு வெனீர், அதாவது பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடு. வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்

பெரியம்மா: இரண்டாவது படத்தில் யார்?

பாப்பா: நான்தான் பெரியம்மா

பெரியம்மா: கண்ணாடி போட்டும் பார்த்துவிட்டேன். தெரியவில்லை

மாமா: நன்றாக இருக்கிறது. செய்துவிடு. கல்யாணத்துக்கு இரண்டு மாதம்தான்

அம்மா: நானும் அதைத்தான் சொன்னேன்

அண்ணன்: நடுவில் இருந்த இடைவெளி எங்கே?

பாப்பா: அதை மூடத்தானே அண்ணா இவ்வளவும்

பெரியம்மா: அது எங்கள் அப்பாவின் பல். இவள் ஒருத்திக்குத்தான் வந்தது

சித்தி: பாப்பா, அவசரப்படாதே. பல் கிளினிக்கில் பன்னிரண்டு வருடமாக டாக்டர் பக்கத்தில் நிற்கிறேன், அதனால் நீளமாகத்தான் எழுதுவேன். அந்தப் படத்தில் உதடும் கன்னமும் உன்னுடையவை. பல் மட்டும் வரைந்தது. வாய்க்குள் ஸ்கேன் எடுத்தார்களா, போட்டோ மட்டுமா?

பாப்பா: போட்டோ மட்டும். ஐந்து நிமிடத்தில் படம் வந்துவிட்டது

சித்தி: அப்படியென்றால் உன் ஈறு எப்படி இருக்கிறது, கடிக்கும்போது கீழ்ப்பல் எங்கே படுகிறது, எதுவும் அந்தப் படத்துக்குத் தெரியாது. வெனீர் வைக்கப் பெரும்பாலும் பல்லின் முன்பக்க எனாமலை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவ வேண்டியிருக்கும். நகம் திரும்ப வளரும், எனாமல் வளராது. வெனீரும் ஆயுசுக்கு நிற்காது, ஒருநாள் மாற்ற வேண்டி வரும். உனக்கு இப்போது 26 வயது

மாமா: இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா?

சித்தி: பயமுறுத்தவில்லை அண்ணா. வெனீர் நல்ல சிகிச்சைதான். ஒரே ஒரு படத்தைக் காட்டி ஆமாம் சொல்லச் சொன்னால் அவள் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பாள்?

அண்ணன்: தாத்தா சைக்கிளோடு சிரித்துக்கொண்டு நிற்கும் போட்டோ யாரிடம் இருக்கிறது? அந்த இடைவெளி அதில் நன்றாகத் தெரியும்

பெரியம்மா: ஆல்பம் என்னிடம் இல்லை. பாகம் பிரித்த அன்று யார் எடுத்துப் போனது என்று எல்லோருக்கும் தெரியும்

மாமா: பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் எடுத்தேன் அக்கா

பெரியம்மா: எங்கள் அம்மா கடைசியாக ஒருமுறை பார்க்கக் கேட்டாள்

அம்மா: இப்போது இந்தப் பேச்சு வேண்டாமே

சித்தி: பாப்பா, வேறு வழிகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி முன்னோட்டம் கேள். அலைனர் என்றால் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் தட்டுகள், ஒரு தட்டு பல்லைக் கால் மில்லிமீட்டர் அளவுதான் நகர்த்தும். தினமும் 20 முதல் 22 மணி நேரம் போட வேண்டும், மாதக்கணக்கில் ஆகும், முடிந்த பிறகும் பல்லை அதே இடத்தில் பிடித்து வைக்கும் ரீடெய்னர் போடாவிட்டால் இடைவெளி திரும்ப வரலாம். காம்போசிட் என்றால் நடு இரண்டு பல்லின் ஓரத்தில் மட்டும் பல் நிறப் பொருளை ஒட்டி வடிவம் கொடுப்பார்கள். அநேகமாகச் சீவவே வேண்டாம். கறை பிடிக்கும், ஓரம் உடையும், ஆனால் திரும்பச் சரிசெய்துகொள்ளலாம்

மாமா: எது கல்யாணத்துக்குள் முடியும்?

சித்தி: இந்த இரண்டில் காம்போசிட். அதற்கு முன்னால் மாக்-அப் வைக்கச் சொல். திரையில் பார்த்த வடிவத்தையே தற்காலிகப் பொருளில் உன் பல் மேலேயே வைத்துக் காட்டுவார்கள், பிறகு எடுத்துவிடலாம். போன மாதம் ஒரு பெண் படத்தைப் பார்த்ததுமே சரி என்றாள். மாக்-அப் வைத்ததும் டாக்டர் "வா, வாசல்" என்று சொல்லச் சொன்னார். "வ" வரும்போதெல்லாம் மேல்பல் கீழுதட்டில் இடித்தது. நுனியைக் கொஞ்சம் தேய்த்தார்கள். பிறகு கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தன் பெயரை மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். அது படத்தில் தெரியுமா?

பாப்பா: சரி சித்தி

பாப்பா: ஆனால் எட்டாம் வகுப்பிலிருந்து போட்டோ எடுக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்கிறேன். ஜன்னல், ஜன்னல் என்று கூப்பிட்டது இன்னும் காதில் இருக்கிறது

அண்ணன்: மாமா...

மாமா: நான் விளையாட்டாகக் கூப்பிட்டது பாப்பா. இத்தனை நாள் மனதில் வைத்திருந்தாயா?

அம்மா: மாப்பிள்ளை என்ன சொன்னார்?

பாப்பா: முதல் படத்தை வால்பேப்பராக வைத்திருக்கிறார்

பெரியம்மா: நல்ல பிள்ளை

[மாமா 1 படம் அனுப்பியிருக்கிறார்]

பெரியம்மா: அப்பா

அண்ணன்: அதே இடைவெளி

பாப்பா: தாத்தாவுக்கு என்னைவிட அகலம்! வாயை மூடவே இல்லை

பாப்பா: சித்தி, முழுக்க அடைக்காமல் கொஞ்சம் விட்டு ஒரு படம் செய்யச் சொல்லலாமா?

சித்தி: தாராளமாகக் கேள். ஸ்கேன் எடுத்துச் செய்யச் சொல்

அம்மா: அப்போது வெள்ளிக்கிழமை?

பாப்பா: போகிறேன் அம்மா. ஸ்கேனுக்கு மட்டும்

மாமா: ஆல்பத்தை ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன் அக்கா

பெரியம்மா: எந்த ஞாயிற்றுக்கிழமை?