பஃபிங் முடித்த டாப் ரோலரில் மறுபடி ரன்-அவுட்: காரணம் எதுவாக இருக்கும்?

ரிங் ஃப்ரேம் (நூல் நூற்கும் இயந்திரம்) அனுபவம் உள்ளவர்கள் உதவ வேண்டும். டாப் ரோலரின் ரப்பர் உறையை (காட்) கல்லில் தேய்த்துச் சமப்படுத்திய (பஃபிங்) பிறகும், சுற்றும்போது வட்டம் பிசகுகிறது (ரன்-அவுட்). 40-ஆம் நம்பர் கோம்டு நூல். ஸ்பெக்ட்ரோகிராமில் (நூலின் தடிமன் மாறுபாட்டை அலை நீளவாரியாகக் காட்டும் வரைபடம்) 9 செ.மீ. பக்கத்தில் ஒரு கூர்மையான முனை விடாமல் நிற்கிறது.

ஃபிரண்ட் பாட்டம் ரோலர் 27 மி.மீ., அதன் சுற்றளவு 8.5 செ.மீ. டாப் ரோலர் காட் 28.5 மி.மீ., சுற்றளவு 8.95. இரண்டும் நெருக்கமாக இருப்பதால் அலை நீளத்தை மட்டும் நம்பவில்லை. டாப் ரோலரை வேறு ஸ்பிண்டிலுக்கு மாற்றிப் போட்டதும் முனை கூடவே போனது. ஆக பாட்டம் ரோலர், கியர் மீது பழி இல்லை.

குழப்பம் இங்கேதான். பஃபிங் முடிந்த கையோடு டயல் கேஜ் வைத்தால் 0.02 மி.மீ.க்குள் அழகாக ஓடுகிறது. மறுநாள் அதே காட் 0.05 காட்டுகிறது! 65 ஷோர் கடினத்தன்மை உள்ள காட், ஒரு பாஸுக்கு 0.1 மி.மீ. வெட்டு, கல் புதிதாக டிரெஸ் செய்தது (முகத்தைச் சீராக்கியது). பேரிங்கில் ஆட்டம் இல்லை. இருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

இரண்டு சந்தேகம். ஒன்று, காட் ஏற்றிய அன்றே பஃபிங் போவதால் ரப்பரின் இழுவிசை அடங்காமல் பிறகு தளர்கிறதோ? மற்றொன்று, வெட்டும்போது சூடேறி விரிந்த ரப்பர், ஆறியதும் சமமில்லாமல் சுருங்குகிறதோ? எனக்கு முதலாவதுதான் பலமாகப் படுகிறது.

ஏற்றிய பின் எத்தனை மணி நேரம் ஆறவிடுகிறீர்கள்? கடைசி பாஸில் எவ்வளவு எடுக்கிறீர்கள்? அளந்து பார்த்தவர்கள் எண்ணோடு சொல்லுங்கள்.